அண்ணே என்று கூப்பிட்டால்

1998இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரிக்கெட் ஆடிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வீட்டுக்கு வந்தேன். அடுப்படித் திண்டில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. மூடியில் சித்தியின் பெயர் வெட்டியிருந்தது. உள்ளே அயிரை மீன் குழம்பு. மதுரைப் பக்கம் அயிரை வாங்குவது எளிதில்லை, விலையும் அதிகம். உயிரோடு வாங்கி வந்து, பாலில் விட்டு, வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கவைத்து, அதன்பிறகுதான் குழம்பு கொதிக்க வேண்டும். காரணமில்லாமல் யாரும் அதை வைத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். எனக்கு அப்போது 17 வயது. இதெல்லாம் தோன்றவில்லை. அப்பா சாப்பிட்டு முடித்துத் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கினேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. ஈஸிசேரில் அப்பா, தரையில் சுவரோடு சாய்ந்து சித்தப்பா. அண்ணன் முன்னால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. அந்த மரியாதையில் எங்கள் பாட்டிக்கு அப்படி ஒரு பெருமை. லேத் பட்டறையைப் பெரிசு பண்ணப் போவதாகச் சொன்னார். கடனுக்கு ஜாமீன் வேண்டும், கூடவே ஒரு வீட்டுப் பத்திரமும் வேண்டும். “அண்ணே, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்ணே. ஒரே வருசம்.” அம்மா கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள். சித்தப்பா திரும்பி, “மதினி, நீங்க சொல்லுங்க, நான் ஏமாத்துவேனா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த மதினியால் பதில் சொல்ல முடியும்?

2001இல் ஒரு நிதி நிறுவனத்தின் ஆட்கள் வந்து எங்கள் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மைதாப் பசை. அம்மா ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் போயிற்று, பசை போகவில்லை. அந்த வெள்ளைத் திட்டு பல வருடம் கதவில் இருந்தது.

இதை முதலில் சொல்லாவிட்டால், ‘சுப்ரமணியபுரம்’ படத்தை நான் ஏன் இத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்பது உங்களுக்குப் புரியாது.

அந்தப் படம் 2008 ஜூலை 4 அன்று வெளிவந்தது. எழுதி, இயக்கி, தயாரித்து, பரமனாக நடித்தவர் சசிகுமார். பாலாவிடமும் அமீரிடமும் உதவி இயக்குநராக இருந்தவருக்கு முதல் படம். வெளியான முதல் வாரமே கூட வேலை பார்த்த இரண்டு பேரோடு போனேன். எங்கள் ஊர்ப் பெயரில் படம் என்பதுதான் காரணம். ஜெய்ஹிந்துபுரத்தை ஒட்டியிருக்கும் சுப்ரமணியபுரத்தில் நான் சைக்கிள் மிதிக்காத சந்து இல்லை. வெளியே வந்தபோது அவர்கள் இருவரும் தாடியையும் பெல்பாட்டத்தையும் பெரிய காலர் சட்டையையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. படத்தில் கனகு என்கிறவர் பரமனின் தோளில் கைபோட்டுப் பேசியதும் எங்கள் வீட்டு ஈஸிசேரும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவு உட்பட எல்லாம் வரும். 1980, மதுரை. அழகர், பரமன், காசி என்று வேலைவெட்டி இல்லாத இளைஞர்கள். அதே தெருவில் முன்னாள் கவுன்சிலர் சோமு குடும்பம். சோமுவின் தம்பி கனகு, மகள் துளசி. அழகருக்கும் துளசிக்கும் பார்வையிலேயே காதல். கட்சிப் பதவி சோமுவுக்கு வராமல் இன்னொருவருக்குப் போகிறது. வீட்டுக்குள்ளேயே அவருக்கு மரியாதை போகிறது. கனகு இந்தப் பையன்களிடம் வந்து புலம்ப, அவர்கள் அந்த இன்னொருவரை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போகிறார்கள். நாலு நாளில் வெளியே எடுத்துவிடுவார் என்று அவர்கள் நம்பிய கனகு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதன்பிறகு நடப்பதெல்லாம் பழிக்குப் பழி.

குடும்பத் துரோகம் என்றால் நம் சினிமாவில் வழக்கமாகச் சொத்துக்காக அண்ணனைக் கொல்லும் தம்பி, பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் மாமன், இடைவேளைக்குப் பிறகு திரும்பி வரும் மகன். இந்தப் படத்தில் ஏமாற்றியவனுக்கும் ஏமாந்தவனுக்கும் ரத்தச் சொந்தம் கிடையாது. ஆனால் இதைவிடச் சரியான குடும்பத் துரோகப் படத்தை நான் பார்த்ததில்லை. காரணம், ‘அண்ணே’.

கனகை அந்தப் பையன்கள் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மதுரையில் டீக்கடைக்காரரும் அண்ணே, கண்டக்டரும் அண்ணே, வட்டிக்குக் கொடுப்பவரும் அண்ணே. ஆனாலும் ஒரு தெருவுக்குள், ஒரு குறிப்பிட்ட ஆளை, வருடக்கணக்காக அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு ஏறிக்கொண்டே போகும். போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் அண்ணன் வந்து எடுத்துவிடுவார். அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நாம் போய் இலை போடவேண்டும். அண்ணன் அழுதால் ஏன் என்று கேட்கவேண்டும். இதில் எதுவும் எழுத்தில் இல்லை. எழுத்தில் இருந்தால் வக்கீலிடம் காட்டலாம். பரமனும் அழகரும் ஜெயிலுக்குள் உட்கார்ந்து எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்?

கனகாக நடித்தவர் சமுத்திரக்கனி. அதற்கு முன்பே படம் இயக்கியவர். பின்னாளில் நல்லவராகவும் புத்தி சொல்பவராகவும் அவரை நிறையப் பார்த்துவிட்டோம். எனக்கு இன்றைக்கும் அவர் கனகுதான். பையன்களிடம் குடும்ப மானம் போய்விட்டதே என்று அவர் புலம்பும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். கொல்லுங்கள் என்று உத்தரவு போடும் தோரணை அவரிடம் இல்லை. தன் வீட்டுக் கஷ்டத்தை அவர்கள் முன்னால் வைத்துவிடுகிறார், அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே செய்துகொள்கிறார்கள். கெட்டவனின் பார்வையோ சிரிப்போ அந்த முகத்தில் வராது. அந்த நேரத்தில் அவருடைய துக்கம் உண்மையான துக்கம் என்றே நான் நினைக்கிறேன். சித்தப்பாவும் அன்று பொய் சொல்லவில்லை என்று அப்பா கடைசிவரை சொல்வார். “கேக்குறப்ப அவன் நெசமாத்தான்டா கேட்டான்.” எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் கனகைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா சொன்னதுதான் சரியோ என்று தோன்றும். கேட்கும்போது உறவாகக் கேட்டு, கொடுக்கவேண்டிய நேரத்தில் மூன்றாம் மனிதனாகிவிடுவதற்குத் தனியாகக் கெட்ட புத்தி தேவையில்லை. அண்ணனுக்குப் பதவி வந்துவிட்டது, வீட்டில் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது, ஜெயிலில் இருப்பவர்களை நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு கெட்டுவிடும். நினைக்காமல் இருந்துவிட்டால் போதும்.

துளசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமரை எழுதி ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்த ‘கண்கள் இரண்டால்’ பாட்டு வராத கல்யாண வீடியோ அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கிடையாது. தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சிரிக்கும் அழகராக ஜெய், ஜன்னலிலும் வாசலிலும் துளசியாக ஸ்வாதி. பாட்டு முழுக்கப் பார்வைதான். இத்தனை கல்யாணங்களில் அதைப் போட்டவர்கள், அந்தப் பார்வை கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று யோசித்திருப்பார்களா தெரியவில்லை. வெளியே தலைகாட்ட முடியாமல் ஒளிந்து திரியும் அழகர், துளசி கூப்பிட்டாள் என்று தனியாக வருகிறான். அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பது அந்த நிமிடம் வரை நமக்கும் தெரியாது. அவள் அழுகிறாள். ஆட்கள் வந்து சூழ்கிறார்கள்.

தியேட்டரில் என் பின்வரிசையில் இருந்தவன் அவளைக் கெட்ட வார்த்தையால் திட்டினான். படம் வந்த புதிதில் எங்கு பேசினாலும் இதே பேச்சுதான், பொண்ணுங்களே இப்படித்தான் என்று. எனக்கு அது அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. துளசியிடம் கேட்டது அவள் சித்தப்பா. அவன் உயிரோடு இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்ற நிலையில் வீட்டு ஆம்பளை வந்து நிற்கும்போது, 1980இல் ஒரு கவுன்சிலர் வீட்டுப் பெண் என்ன செய்திருக்க முடியும்? பையன்களிடம் எந்த வழியில் வந்தாரோ அதே வழியில்தான் கனகு அவளிடமும் போயிருப்பார். வெளியில் ‘அண்ணே’, வீட்டுக்குள் ‘சித்தப்பா’. என் குறை வேறு. அவளுக்கு அந்த முடிவு எப்படி வந்தது என்பதை அவள் வாயால் கேட்க எனக்கு ஆசை. படம் அவளைக் கடைசிவரை அழகரின் கண் வழியாகவே பார்க்கிறது. அழகர் போனதும் அவளைப் பார்க்கக் கதையில் ஆளில்லை. இந்தப் படத்தை எவ்வளவு நேசித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சசிகுமாரோடு சண்டை உண்டு.

பரமன் பழிவாங்குகிறான். கனகின் தலை போகிறது. வழக்கமான படமென்றால் இங்கே கைதட்டல் விழும். நான் பார்த்த அன்று ஒருவரும் தட்டவில்லை. ஒரு ஆட்டோவின் இருட்டுக்குள் நடக்கும் காரியம் அது. வீரம் இல்லை, வசனம் இல்லை, எதிராளி எழுந்து நின்று சண்டை போடுவதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு கூசியது. சித்தப்பாவை நடுத்தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று ஏழு வருடமாக மனசுக்குள் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த ஆட்டோவைப் பார்த்ததும் அந்த வசனங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அத்தோடு கதை முடிவதுமில்லை. அடுத்தது காசி. அந்த வேடத்தில் நடித்த கஞ்சா கருப்பை அதற்குமுன் ‘பிதாமகன்’ தொடங்கிச் சிரிக்க வைக்கும் ஆளாகத்தான் எல்லோரும் பார்த்திருந்தோம். இந்தப் படத்திலும் பாதிக்கு மேல் நம்மைச் சிரிக்க வைப்பவர் அவர்தான். அதனாலேயே அவர் பணத்துக்காகப் பரமனைக் காட்டிக்கொடுக்கும் இடம் அடிவயிற்றில் விழுகிறது. இத்தனை நேரம் அவரோடு சேர்ந்து சிரித்திருக்கிறோமே, நம்மிடமும்தான் ஏதோ வாங்கிக்கொண்டு போய்விட்டார். கனகு செய்ததற்காவது அண்ணன், குடும்பம், மானம் என்று ஒரு பேச்சு இருந்தது. காசிக்கு அதுவும் கிடையாது. 28 வருடம் கழித்து ஜெயில் வாசலில் அவன் குத்துப்படுவதில்தான் படமே தொடங்குகிறது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் மூச்சை நிறுத்த வருகிறவன், அதே கூட்டத்தில் கால் ஊனத்தோடு திரிந்த பழைய நண்பன். எல்லோருக்கும் நரைத்துவிட்டது. கணக்கு மட்டும் 1980இலேயே நிற்கிறது.

ஜெயிலுக்குள் வரும் இன்னொரு கைதியின் கதை அவசரமாகப் போகிறது. அதைத் தவிர்த்தால் இந்தப் படத்தில் எனக்கு இழுவை என்று எதுவும் இல்லை. எஸ்.ஆர்.கதிரின் ஒளிப்பதிவும் ரெம்போனின் கலை இயக்கமும் அந்தக் காலத்து மதுரையைத் திரும்பக் கட்டியிருந்தன. தியேட்டரில் ‘முரட்டுக்காளை’ ஓடும் காட்சியில் என் தாய்மாமன் விசிலடித்தார். 1980 டிசம்பரில் அந்தப் படத்துக்குச் சட்டை கிழியக் கிழிய டிக்கெட் எடுத்தவர் அவர். பிறகு தென்மாவட்டத்தை வைத்து வரிசையாகப் படங்கள் வந்தன. தாடி வந்தது, லுங்கி வந்தது, அரிவாள் வந்தது, திருவிழாப் பாட்டு வந்தது. நானும் ஒன்றுவிடாமல் போய்ப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் கனகு இல்லை. அரிவாள் தூக்குவதற்கு முன்னால் ஒரு வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இல்லை. இந்திக்காரரான அனுராக் காஷ்யப், 2012இல் வந்த தன் ‘கேங்ஸ் ஆஃப் வாஸிபூர்’ படத்தின் தொடக்கத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி போட்டிருந்தார். அந்தப் படமும் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்துக்குள் ஓடும் பகையைப் பற்றியதுதான். எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தூரத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் அரிவாள் இல்லை. எங்களைப் போன்ற குடும்பங்களில் பழி வேறு மாதிரி தீர்க்கப்படும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போகும். மொய் நோட்டில் அவர்கள் எழுதிய தொகையை அப்படியே, ஒரு ரூபாய் கூட்டாமல் குறைக்காமல், திருப்பி எழுதுவோம். மண்டபத்தில் எதிரில் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொள்வோம். அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது சித்தப்பா பெயரை நான்தான் அடித்துவிட்டேன். அப்பா அச்சகத்துக்குப் போய்த் தன் கையால் திரும்ப எழுதிச் சேர்த்துவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றரை மாதம் நான் அவரோடு பேசவில்லை.

2009 வரை அப்பா அந்தக் கடனைக் கட்டினார். மாதம் பிறந்தால் நடந்துபோய்க் கட்டிவிட்டு, ரசீதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். கடைசித் தவணை கட்டிய அன்று டப்பாவை எடுத்து எல்லா ரசீதையும் தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்தார். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு கோபம். கிழித்தாவது போடுங்களேன் என்றேன். “எதுக்குடா? நாளைக்கு அவன் புள்ளைக வந்து கேட்டா, கட்டியாச்சுன்னு காட்ட வேணாமா?” என்றார்.

பாட்டி இறந்தபோது எங்கள் வழக்கப்படி இளைய மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும். சித்தப்பா மொட்டையடித்து, தோளில் குடத்தோடு சுற்றி வந்தார். கால் தடுமாறியது. அப்பா ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்துடா” என்றார். “சரிண்ணே” என்றார் சித்தப்பா. எட்டு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். நான் பின்னால் நின்றிருந்தேன். அந்த ‘அண்ணே’ அப்படியே இருந்தது, தூக்குவாளி வந்த நாளில் கேட்ட அதே குரலில். ஒரு மனிதன் எப்படி அதை இன்னும் சொல்கிறார், இன்னொரு மனிதர் எப்படி அதற்குக் காது கொடுக்கிறார் என்று எனக்கு மண்டை வெடித்தது.

இப்போது இருவரும் இல்லை.

போன வைகாசியில் ஒரு உறவுக் கல்யாணம். பந்தி முடிந்து, மண்டபத்தின் பின்பக்கம் கை கழுவும் இடத்தில் சித்தப்பாவின் மகளைப் பார்த்தேன். என்னைவிட ஐந்து வயது இளையவள். நோட்டீஸ் ஒட்டிய வருடத்திலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. யாரும் சண்டை போடவில்லை, பேசாதே என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். அவளுக்கும் தலையில் நரை. பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை இழுத்துப்போட்டு உட்கார்ந்தோம். எதையெதையோ பேசி, பிள்ளைகள் படிப்பைப் பேசி, கடைசியில் படத்தில் வந்து நின்றது. அவளும் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறாள். துளசி வரும் அந்த இடம் வந்தால் மட்டும் டிவியை மாற்றிவிடுவாளாம்.

“அன்னைக்கு அந்தக் கொழம்பைக் கொண்டாந்தது நான்தாண்ணே” என்றாள்.

எனக்கு அது தெரியாது. இத்தனை வருடத்தில் யார் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்டதேயில்லை. 12 வயதுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வெயிலில், தூக்குவாளி சிந்தாமல் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

“நீ போய்க் குடு, நீ குடுத்தா பெரியப்பா ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு அப்பா அனுப்புனாரு. பட்டறை அப்பவே முங்கிப்போச்சுன்னு எனக்குத் தெரியும்ணே. அம்மா அழுதுக்கிட்டேதான் கொழம்பு கூட்டுனாங்க.”

தண்ணீர்க் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கெளம்புறப்ப பெரியப்பா எனக்குப் பத்து ரூவா குடுத்தாருண்ணே. பஸ்ஸுல பாத்துப் போம்மான்னு.”